மனையகத்து எரிவாயுக் கொதிகலனும் அதன் புகைவழியும்

தீயை வளர்ப்போன் அதன் வெம்மையையே வேண்டுகின்றான். அதன் புகையை வேண்டுவதில்லை. ஆயின் வெம்மையும் புகையும் ஒரே செயலின் இரு விளைவுகள். ஒன்றைப் பெற்று மற்றதைப் பெறாதிருத்தல் இயலாது. பெற்றபின் அதனைத் தீங்கின்றி அகற்றுதல் மட்டுமே இயலும். வெப்ப நாடுகளில் அடுக்களைகள் பெரும்பாலும் காற்றோட்டம் உடையனவாதலின், இவ்வுண்மை ஆங்கு அத்துணை வன்மையாக உணரப்படுவதில்லை. கண்ணெரிச்சலும் சுவரிற் படியுங் கரியுமே புகையாற் பெரிதும் உணரப்படுந் தொல்லைகள். குளிர் நாடுகளின் நிலை வேறு. அங்கு ஆண்டின் பாதிக்காலம் கதவையும் யன்னலையும் அடைத்து, அடைத்த மனையினுள்ளேயே தீயையும் வளர்த்து மக்கள் வாழ்கின்றனர். ஒரே கூரையின் கீழ்த் தீயும் மனிதனும் காற்றைப் பகிர்ந்துகொள்ள நேரும்போது, எது யாருடைய காற்று என்ற வினா உயிரைப் பற்றிய வினாவாகின்றது.

பிரித்தானியாவில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் எரிவாயுவினால் வெப்பமூட்டப்படுகின்றன. சமையலறைச் சுவரிலோ, மாடிப்படியின் கீழுள்ள சிற்றறையிலோ பொருத்தப்பட்ட ஒரு பெட்டியினுள்ளே வாயு எரிகின்றது. அதன் வெப்பத்தைப் பெற்ற நீர் குழாய்வழியே ஓடி அறைதோறும் வெம்மையைப் பரப்புகின்றது. இப்பெட்டிக்குக் கொதிகலன் என்பது பெயர். எனினும் அதனுள் நீர் கொதிப்பதில்லை. கொதிநிலைக்குக் கீழே சூடேறி, சுற்றி, ஆறி, மீண்டுவருவதே அந்நீரின் தொழில். இக்கொதிகலனின் எரிவு எவ்வழியே காற்றைப் பெறுகின்றது, எவ்வழியே தன் கழிவை நீக்குகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

எரிதலின் கணக்கு

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன் ஆகும். ஒரு கனவளவு மெதேன் முற்றாக எரிதற்கு இரு கனவளவு ஒட்சிசன் வேண்டும். காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கேயாதலின், ஒரு கனவளவு வாயுவுக்கு ஏறத்தாழப் பத்துக் கனவளவு காற்றுத் தேவைப்படுகின்றது. எரிந்து முடிந்தபின் ஒரு கனவளவு காபனீரொட்சைட்டும், இரு கனவளவு நீராவியும், எரிவிற் பங்குகொள்ளாத நைதரசனும் எஞ்சுகின்றன.

இக்கணக்கை ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் பருமை விளங்கும். 24 கிலோவாற்று வலுவுடைய ஒரு கொதிகலன் முழு அளவில் எரியும்போது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ இரண்டரைக் கன மீற்றர் வாயுவைச் செலவிடும். அதற்கு 25 கன மீற்றர் காற்று வேண்டும். 4 மீற்றர் நீளமும், இரண்டரை மீற்றர் அகலமும், இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட ஓர் அறையினுள் அடங்கியுள்ள காற்று முழுவதும் இவ்வளவேயாகும். அஃதாவது, சிறியதோர் அறையின் காற்று முழுவதையும் அக்கொதிகலன் ஒரு மணித்தியாலத்தில் உண்டு தீர்க்கும். அதே நேரத்தில் அது ஈனும் நீராவியை ஒடுக்கினால் ஏறத்தாழ நான்கு இலீற்றர் நீர் கிடைக்கும். கொதிகலன் உள்ள அறையின் யன்னற் கண்ணாடிகளிற் காரணமின்றி நீர் வடியுமாயின் அஃது அலட்சியப்படுத்தற்குரியதன்று. வெளியே செல்லவேண்டிய நீராவி உள்ளே தங்குகின்றது என்பதற்கும், அதனுடன் ஏனைய வாயுக்களும் தங்குகின்றன என்பதற்கும் அஃது ஓர் அறிகுறியாகலாம்.

காணாப் பகை

காற்றுக் குறையுமாயின் எரிதல் அரைகுறையாக நிகழும். அப்போது காபன் முற்றாக எரியாது காபனோரொட்சைட்டாக வெளிப்படும். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எரிவாயுக் கசிவை அறிதற்பொருட்டு அதனுடன் மணப்பொருள் கலக்கப்படுகின்றது. ஆயின் அது சுடரில் எரிந்துவிடுதலின், எரிந்தபின் வரும் காபனோரொட்சைட்டை மூக்கு அறியாது. அன்றியும் அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் பெரிதும் ஒத்தது. ஆதலின் அது தரையிலுந் தங்காது, கூரையிலுந் தேங்காது, அறையெங்குங் கலந்து நிற்கும்.

குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின். காபனோரொட்சைட்டு இவ்வீமோகுளோபினைப் பற்றும் ஆற்றல் ஒட்சிசனின் ஆற்றலைப்போல் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. இதன் பொருள் யாதெனின், காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கே அவ்வாயு கலந்திருப்பினும், அக்காற்றைத் தொடர்ந்து சுவாசிப்போனின் ஈமோகுளோபினில் ஏறத்தாழப் பாதியை அது கைப்பற்றிக்கொள்ளும் என்பதாம். சுற்றிலும் ஒட்சிசன் இருக்கவும், அதனைச் சுமப்பார் இன்றி உடல் வாடுகின்றது. பிரெஞ்சு உடற்றொழிலியல் அறிஞரான குளோட் பேர்னாட் இவ்வாயு குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பற்றுதலை 1857இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர் அவ்வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நிகழ்ந்த மாற்றங்களைக் குறித்து 1895இல் வெளியிட்டார். மறு ஆண்டில், நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துக்களில் இறந்தோருட் பலர் வெடியினாலன்றி இவ்வாயுவினாலேயே மாண்டனர் என்பதையும் அவர் காட்டினார். மனிதனுக்கு முன்னர் மயங்கி விழுஞ் சிற்றுயிர்களைச் சுரங்கத்துக்குட் கொண்டுசெல்லும் வழக்கம் அவர் கூறிய யோசனையிலிருந்து எழுந்தது. கனேரிப் பறவைகள் பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை இத்தொழிலைச் செய்தன.

இந்நஞ்சு முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், களைப்பு என்பனவாகத் தோன்றும். குளிர்காலத் தடிமற் காய்ச்சலின் தொடக்கமென்றே பலர் இதனை எண்ணிவிடுவர். ஆயின் இருவேறு குறிகள் இதனைப் பிரித்துக் காட்டவல்லன. உடல் சுடுவதில்லை என்பது ஒன்று. வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒருங்கே தோன்றி, வெளியே சென்றதும் தணிந்து, வீடு திரும்பியதும் மீளுதல் மற்றொன்று. நோயென்று கருதிப் போர்வையை இழுத்து மூடி அவ்வறையிலேயே படுத்துக்கொள்பவன் நஞ்சின் மடியிற் படுத்தவனாவான். மயக்கம் வந்தபின் எழுந்து கதவைத் திறக்கவும் அவனால் இயலாது.

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலா 1902ஆம் ஆண்டு செத்தெம்பரில் பாரிசு நகரத்துத் தம் வீட்டில் உறங்கும்போது இவ்வாறே இறந்தார். படுக்கையறையிற் கணப்பு எரிந்தது. அதன் புகைபோக்கி அடைபட்டிருந்தது. உடனிருந்த மனைவியார் உயிர் தப்பினார். நாடறிந்த பேரறிஞரையும் ஓர் அடைபட்ட புகைவழி ஓரிரவிற் கொண்டுபோயிற்று.

கீசரிலிருந்து கொதிகலன் வரை

நிலக்கரியை வடித்துப் பெற்ற வாயுவினால் வில்லியம் மேர்டொக் என்பார் கோண்வாலிலுள்ள ரெட்ரூத் நகரிலே தம் வீட்டுக்கு ஒளியூட்டியது 1792இல். அடுத்த நூற்றாண்டில் வாயு விளக்கிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து குளியலறைக்கும் சென்றது. 1868இல் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மோன் என்பவர் ஓடும் நீரை உடனுக்குடன் சுடவைக்கும் ஒரு பொறியை ஆக்கி, ஐசுலாந்து நாட்டு வெந்நீரூற்றின் பெயரால் அதற்குக் ‘கீசர்’ எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்றும் ஆசிய நாடுகள் பலவற்றின் குளியலறைகளில் வழங்கிவருகின்றது. நீரைச் சூடாக்குதலில் அப்பொறி வெற்றி பெற்றது. ஆனால் எரிந்த வாயுக்களை வெளியேற்றப் புகைவழி எதுவும் அதற்கு இருக்கவில்லை. மூடிய குளியலறையில், குளிப்போன் அருகே, அவை அனைத்தும் கலந்தன. வெம்மையைப் பெறும் வழியை முதலிற் கண்டு, கழிவை நீக்கும் வழியைப் பின்னர்க் காணும் மனித இயல்புக்கு இஃது ஒரு சான்று.

அக்கால நிலக்கரி வாயுவிலோ காபனோரொட்சைட்டு இயல்பாகவே கலந்திருந்தது. எனவே எரியாது கசிந்த வாயுவும் நஞ்சாயிற்று. வடகடலின் அடியிற் கண்ட இயற்கை வாயு 1967இல் பிரித்தானியக் கரையை அடைந்ததும், நாடெங்குமுள்ள வாயுக் கருவிகள் அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டன. 1977இல் நிறைவெய்திய இம்மாற்றத்தினால் எரியாத வாயுவின் நஞ்சு நீங்கிற்று. ஆயின் நஞ்சு முற்றாக ஒழிந்தது என்று கருதுதல் தவறு. குழாயில் வரும்போது நஞ்சற்ற வாயுவே காற்றுக் குறைந்த சுடரில் நஞ்சை ஈனுகின்றது. முன்னர்க் குழாயில் இருந்த ஆபத்து இப்போது எரியும் முறையில் மட்டும் தங்கியுள்ளது எனலாம்.

திறந்த புகைவழி

பழைய முறைக் கொதிகலன் தான் நிற்கும் அறையிலிருந்தே காற்றைப் பெறுகின்றது. எரிந்த வாயுக்களைப் புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே அனுப்புகின்றது. இதனைத் திறந்த புகைவழி என்பர். இதனை இயக்கும் விசை வேறெதுவுமன்று. சூடான வாயு இலேசானது என்பதே. 15 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.22 கிலோகிராம் நிறையுடையது. 100 பாகையில் அந்நிறை 0.95 கிலோகிராம் அளவிற்குக் குறைகின்றது. ஐந்து மீற்றர் உயரமான புகைபோக்கியில் இவ்வேறுபாடு உண்டாக்கும் அமுக்கம் ஒன்றரை மில்லிமீற்றர் நீரின் அமுக்கத்தினும் குறைவு. அஃது வளிமண்டல அமுக்கத்தின் ஏழாயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது.

ஒரு குடும்பத்தின் உயிர் இத்துணை மெல்லிய விசையிற் றங்கியுள்ளது என்பதை உணர்ந்தோர் அதற்கு இடையூறு செய்யார். சமையலறையின் ஆவியை வெளியேற்ற வைத்த ஒரு மின்விசிறி இவ்விசையை எளிதில் வென்றுவிடும். யன்னல்கள் மூடியிருக்க விசிறி காற்றை வெளியே இழுத்தால், குறைந்த காற்றை ஈடுசெய்யப் புகைபோக்கி வழியே காற்றுக் கீழிறங்கும். அதனுடன் எரிந்த வாயுவும் அறைக்குட் புகும். அருகிலுள்ள உயர்ந்த கட்டடத்தில் மோதித் திரும்புங் காற்றும் இவ்வாறே கீழ்நோக்கித் தள்ளவல்லது. புகைபோக்கியிற் பறவைகள் கூடு கட்டுதலும், உடைந்த செங்கல் வீழ்ந்து அடைத்தலும் உண்டு.

இவ்வாறு வெளியேறாத வாயு அறையிற் கலக்கும்போது ஒரு தீய சுழற்சி தொடங்குகின்றது. ஒட்சிசன் குறைந்த அக்காற்றையே சுடர் மீண்டும் உட்கொள்கின்றது. அதனால் எரிவு மேலும் குன்றி, காபனோரொட்சைட்டு மேலும் பெருகுகின்றது. பெருகிய அவ்வாயு மீண்டும் அறைக்கே வருகின்றது. முதற் சில நிமிடங்களிற் சிறிதாயிருந்த தீங்கு நேரஞ் செல்லச் செல்லத் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். நீல நிறமாயிருக்கவேண்டிய சுடர் மஞ்சள் நிறங்கொண்டு சோர்ந்து அசைதலும், கொதிகலனின் மேலும் சுவரிலுங் கருமை படிதலும் இதன் வெளிப்படைக் குறிகள். பள்ளி ஆய்வுகூடத்திற் பன்சன் சுடரடுப்பின் காற்றுத் துளையை மூடியவுடன் நீலச்சுடர் மஞ்சளாகி, அதன்மேற் பிடித்த பாத்திரத்திற் கரி படிதலை மாணவர் கண்டிருப்பர். இரண்டினுக்குங் காரணம் காற்றுக் குறைவேயாம்.

ஆதலின் திறந்த புகைவழியுடைய கொதிகலனுக்கு இரு வழிகள் ஒருங்கே வேண்டும்: மேலே புகை செல்லும் வழி, கீழே காற்று வரும் வழி. பிரித்தானிய நியமத்தின்படி, கொதிகலன் உட்கொள்ளும் வெப்பவலுவில் 7 கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் 5 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள திறப்பு சுவரில் இருத்தல்வேண்டும். எனவே 24 கிலோவாற்றுக் கருவிக்கு வேண்டுவது 85 சதுர சென்ரிமீற்றர். அத்திறப்பு மூடக்கூடியதாய் இருத்தலாகாது. குளிர்காற்று வருகின்றதென்று துணியையோ கடதாசியையோ அதில் திணிப்பவர் தம் மூச்சையே அடைப்பவராவர்.

புகைவழி செவ்வனே இயங்குகின்றதா என்பதைச் சோதிக்கும் முறை எளிதாயினும் கருத்துடையது. கதவு, யன்னல்களை மூடி, உள்ள விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு, கொதிகலனைச் சிறிது நேரம் எரியச் செய்வர். பின்னர், வாயு புகைவழியினுட் புகுமிடத்தருகே ஒரு புகைக்குச்சியைப் பிடிப்பர். புகை உள்ளே இழுக்கப்படின் நன்று. அறைப்பக்கந் திரும்பின் அக்கருவியை நிறுத்திவிடுதல் வேண்டும். இயல்பான நிலையிலன்றி, மிகத் தீய நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்தலே இதன் சிறப்பு.

சமநிலைப் புகைவழி

இவ்விடர்களையெல்லாம் ஆராய்ந்த பொறியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு நேரிய தீர்வைக் கையாளலாயினர். எரியறையை மனையின் காற்றிலிருந்து முற்றாகப் பிரித்து அடைத்துவிடுதலே அத்தீர்வு. வெளிச்சுவரில் ஒரு துளையிட்டு, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்களை அதனூடே செலுத்துவர். வெளிக்குழாய் வழியே புறக்காற்று உள்ளே வரும். உட்குழாய் வழியே எரிந்த வாயு வெளியே செல்லும். இரண்டும் சுவரின் புறத்தே ஒரே இடத்தில் முடிகின்றன. பெருங்காற்று அடிக்கும்போது அதன் அமுக்கம் இரு வாய்களையும் ஒரே அளவில் தாக்குதலின், ஒன்றையொன்று ஈடுசெய்து சுடர் கலங்காது நிற்கும். இதுபற்றியே இது சமநிலைப் புகைவழி எனப்பட்டது. இம்முறையில் தீ தன் மூச்சைப் புறத்திருந்து பெற்றுப் புறத்தேயே விடுகின்றது. மனையிலுள்ளோரின் காற்றில் அஃது பங்கு கேட்பதில்லை.

இதன் சிறப்பை உணர்ந்தே பிரித்தானியச் சட்டம் இதனைச் சில இடங்களிற் கட்டாயமாக்கியுள்ளது. 1998ஆம் ஆண்டு வாயுப் பாதுகாப்பு விதிகளின்படி குளியலறையிற் பொருத்தப்படும் கருவி இவ்வாறு அடைக்கப்பட்டதாகவே இருத்தல்வேண்டும். உறங்கும் அறையில் 14 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வெப்பமூட்டும் கருவிக்கும் அதுவே விதி. அவ்வளவினும் சிறியது திறந்த புகைவழியுடையதாயின், வாயுக்கள் அபாய அளவிற் சேருமுன்னர்த் தானே அணையும் அமைப்பு அதில் இருத்தல்வேண்டும். உறங்குவோனும் குளிப்போனும் ஆபத்தை உணர்ந்து விலகும் நிலையிலில்லாதோர் என்பது இவ்விதியின் உட்பொருள்.

ஒடுக்கக் கொதிகலன்

எரிந்த வாயுக்களுடன் வெளியேறும் நீராவியில் வெப்பம் மறைந்துள்ளது. அவ்வாயுக்களை ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தால் நீராவி நீராக ஒடுங்கி, அம்மறைவெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பத்தையும் பயன்கொள்வது ஒடுக்கக் கொதிகலன். 2005 ஏப்பிரல் முதலாக இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் வாயுக் கொதிகலன்கள், சில விலக்குக்கள் நீங்கலாக, இவ்வகையினவாக இருத்தல்வேண்டுமென விதிக்கப்பட்டது.

எரிபொருட் சிக்கனத்துக்காக வந்த இம்மாற்றம் புகைவழியின் இயல்பையும் மாற்றிற்று. வாயு குளிர்ந்துவிடுதலின் தானே மேலெழும் ஆற்றலைப் பெரிதும் இழக்கின்றது. ஆகவே ஒரு மின்விசிறி அதனைத் தள்ளவேண்டும். விசிறி இயங்குவதை உறுதிப்படுத்திய பின்னரே வாயு திறக்கும்படி கருவி அமைக்கப்பட்டுள்ளது. விசிறி எரியறைக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் வகைகளில், பெட்டியின் மூடியோரத்திலுள்ள அடைப்புப் பழுதுற்றால் நச்சுவாயு அறைக்குட் பீச்சப்படலாம். ஆதலின் அம்மூடியை வீட்டுக்காரர் தாமே கழற்றுதல் ஆகாது.

ஒடுங்கிய நீரோ அமிலத்தன்மை உடையது. பழைய செங்கற் புகைபோக்கி அதற்கு ஈடுகொடாது. அமிலத்தைத் தாங்கும் பிளாத்திக்குக் குழாய்களும் உரிய உலோகக் குழாய்களும் வேண்டும். அக்குழாய் வெளிப்புறஞ் சற்றே உயர்ந்து கொதிகலன்பக்கஞ் சாய்ந்திருத்தலும் வேண்டும். அப்போதுதான் நீர் கருவிக்குள் மீண்டு வடிகுழாய் வழியே கழியும். வடிகுழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கிநின்று வாயு அறைக்கு வருதலைத் தடுக்கும். 2010 திசெம்பர்க் கடுங்குளிரில் வெளியே சென்ற வடிகுழாய்கள் உறைந்து பனிக்கட்டியாகி, எண்ணிறந்த கொதிகலன்கள் நின்றன. கழிநீர் செல்ல இயலாதபோது கருவி நின்றுவிடுதல் குறையன்று, காவலேயாகும்.

முடிவிடமும் மறைவிடமும்

புகைவழி சுவரைக் கடந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. வெளியே சென்ற வாயு மற்றோர் யன்னல் வழியே உள்ளே வருமாயின் யாது பயன்? ஆதலின் விசிறியுடைய அடைத்த கொதிகலனின் குழாய்வாய் திறக்கக்கூடிய யன்னலிலிருந்து 300 மில்லிமீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருத்தல்வேண்டும். நிலத்திலிருந்தும் அவ்வளவு உயரம் வேண்டும். எதிரெதிரே இரு வாய்கள் இருப்பின் இடையே 1200 மில்லிமீற்றர் வேண்டும். கருவியை ஆக்கியோர் தரும் அறிவுறுத்தல் இவற்றினும் கூடிய தூரத்தை வேண்டுமாயின் அதுவே கொள்ளத்தக்கது. கட்டடத்தை விரிவாக்குவோர் பழைய குழாய்வாயைப் புதிய அறைக்குள் அகப்படச் செய்தலும், அதன்முன் செடியையோ பலகையையோ வைத்து மறைத்தலும் பெருந் தவறுகள்.

அடுக்குமாடி மனைகளில் மற்றோர் இடர் உண்டு. கொதிகலன் வீட்டின் நடுவிலும் வெளிச்சுவர் தொலைவிலும் இருப்பின், குழாயைக் கூரைப்பலகைக்கு மேலாக மறைத்துக் கொண்டுசெல்வர். அழகு கருதி மறைத்த அக்குழாயின் மூட்டு ஒன்று கழன்றாலும் யாருங் காணார். 2008இல் மேற்கு இலண்டனிற் புதிதாகக் கட்டப்பட்ட மனையொன்றில் இவ்வாறு கழன்ற குழாயினால் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதன் பின்னர், மறைந்து செல்லும் குழாய்களைப் பார்வையிடத்தக்க சிறுகதவுகள் கூரைப்பலகையில் வேண்டுமென வற்புறுத்தப்பட்டது. அவ்வாறு பார்க்க இயலாத கொதிகலன்களை 2013 தொடக்கத்திலிருந்து அபாயத்துக்குரியனவாகக் கொண்டு, வீட்டுக்காரரின் இணக்கத்துடன் பொறிவினைஞர் நிறுத்தலாயினர். கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கண்ணுக்குத் தெரியாத குழாயில் நம்பி விடலாகாது என்பதே அதன் கருத்து.

விதியும் விழிப்பும்

பிரித்தானியாவில் வாயுக் கருவியைப் பொருத்துதலும் பழுதுபார்த்தலும் தொழிலாகச் செய்வோர் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். 2009 ஏப்பிரலில் ‘கோர்கி’ என வழங்கிய பழைய பதிவேட்டின் இடத்தில் ‘காஸ் சேஃப்’ என்னும் பதிவேடு ஏற்பட்டது. ஒவ்வொருவருடைய அட்டையிலும் அவர் எவ்வெவ் வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது குறிக்கப்பட்டிருக்கும். அட்டையின் பின்புறத்தையும் பார்த்தல் அறிவுடைமை. வாடகை வீடுகளின் உரிமையாளர் பன்னிரண்டு மாதத்துக்கொரு முறை கருவிகளையும் புகைவழிகளையும் சோதிப்பித்து, அச்சோதனையின் பதிவைக் குடியிருப்போருக்கு 28 நாட்களுள்ளும், புதிதாகக் குடிவருவோருக்கு அவர் வருமுன்னரும் கொடுத்தல் கடமையாகும்.

காபனோரொட்சைட்டை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிப்பு மணிகளும் இன்று உள்ளன. ஐரோப்பிய நியமப்படி, பத்து இலட்சத்தில் 300 பங்கு வாயு இருப்பின் மூன்று நிமிடத்துள்ளும், 50 பங்கு இருப்பின் ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்துள்ளும் அவை ஒலிக்கவேண்டும். இங்கிலாந்தில் 2022 ஒற்றோபர் முதலாக, சமையல் அடுப்பன்றி நிலையான எரிகருவி வேறு உள்ள வாடகை வீட்டறைகளில் இம்மணி கட்டாயமாயிற்று. எனினும் மணி புகைவழிக்குப் பதிலாகாது. சுரங்கத்துக் கனேரிப் பறவை சுரங்கத்துக்குக் காற்றைக் கொண்டுவரவில்லை. காற்றுக் கெட்டதை மட்டும் அறிவித்தது.

மணி ஒலித்தாலோ, மேற்கூறிய குறிகள் தோன்றினாலோ, செய்யத்தக்கது மயக்கத்துக்கு இடமற்றது. கருவியை நிறுத்துக, கதவு யன்னல்களைத் திறக்க, அனைவரும் வெளியேறுக, மருத்துவரிடம் காபனோரொட்சைட்டு என்ற ஐயத்தை வெளிப்படக் கூறுக, தகுதியுடையோர் சோதிக்கும்வரை கருவியை மீண்டும் ஏற்றாதொழிக.

இவ்வறிவு ஈழத்துத் தமிழருக்குத் தொலைவானதன்று. கல்வியின் பொருட்டும், குறிப்பாக 1983க்குப் பின் அடைக்கலத்தின் பொருட்டும், பல்லாயிரவர் இலண்டன் முதலிய நகரங்களிற் குடியேறியுள்ளனர். பழைய வீடுகளைப் பிரித்து வாடகைக்கு விட்ட அறைகளில் முதற் குளிர்காலத்தைக் கழித்தோர் அவருட் பலர். வெப்ப நாட்டிலிருந்து சென்றவனுக்குச் சுவரிலுள்ள துளை குளிரின் வாயிலாகவே தோன்றும். அதனை அடைக்கவே அவன் கை நீளும். அத்துளை எதற்கென அவனுக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை. வீட்டு உரிமையாளரிடம் சோதனைப் பதிவைக் கேட்டல் தன் உரிமை என்பதையும் அவன் அறிந்திருப்பதில்லை.

அத்தகையோன் புதிய மனையிற் புகும் நாளிற் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்றே: இத்தீக்குக் காற்று எவ்வழியே வருகின்றது? எரிந்த வாயு எவ்வழியே போகின்றது? இவ்விரு வழிகளையும் தகுதியுடையோர் கடைசியாகச் சோதித்தது எப்போது? முதலிரண்டு வினாக்களுக்கும் விடையைக் கண்ணாற் கண்டும், மூன்றாவதற்கு விடையை எழுத்திற் பெற்றும் அறிந்தபின்னரே அக்கொதிகலனின் வெம்மையில் அவன் அச்சமின்றி உறங்கலாம்.